மந்திரிக்கணும் என்று சொன்னேன்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, எனக்குச் சந்தேகம் ஜாஸ்தி. மீன் வாங்கினாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நகர மாட்டேன். அந்தக் குணத்தை வைத்தே மாதா எங்களைக் காப்பாற்றினார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் என் கணவர் சேவியருக்கு டிரைவர் வேலை போனது. வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. பள்ளிக்கூட வேன் ஓட்டலாம் என்று முடிவெடுத்தோம். கடலூரில் எங்கள் பங்குக் கோயில் தாய்மார்கள், "ஸ்டெல்லா, ஒன்ன நம்பித்தான் புள்ளைங்கள அனுப்புறோம்" என்றார்கள். ஆனால் பழைய வண்டிக்குக் கடன் கிடையாது என்று வங்கியில் கைவிரித்துவிட்டார்கள். அன்று வாய்விட்டு அழுதேன்.

சிதம்பரத்தில் ஒருவர் வேன் விற்பது தெரிந்தது. ஃபைனான்ஸுக்கும் அவரே ஆள் பிடித்துத் தருவாராம். என் சங்கிலியை அடகு வைத்து முன்பணம் கொடுத்தால் போதும். சேவியருக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. பழைய வண்டிக்கு எதற்குப் புதுப் பெயிண்ட்? எங்களைவிட அவருக்கு என்ன அவசரம்? மெக்கானிக் பார்த்து நல்ல வண்டி என்றார். அவரையும் நம்பவில்லை, விற்கிறவர் கூட்டி வந்த ஆள்தானே.

"மாதாவ தவிர ஒனக்கு யாரு மேலயும் நம்பிக்கை கெடையாது" என்று சேவியர் சலித்துக்கொண்டார். உண்மைதான். கோயில் வாசலில் உள்ள மாதா கெபியில், சிலை முன்னால் முழங்காலிட்டேன். "தாயே, ஊரார் புள்ளைங்க ஏறப்போவுது. தப்பு இருந்தா எங் கண்ணுக்குக் காட்டிடும்மா" என்று மன்றாடினேன்.

மறுநாள் பணத்தோடு சிதம்பரம் போனோம். கொடுக்கும்போது பேச்சுக்குச் சொன்னேன்: "நாளைக்கே எங்க சாமியார கூப்புட்டு வண்டிய மந்திரிச்சுடணும்."

ஃபாதர் ஜெபித்துத் தீர்த்தம் தெளிப்பதை நாங்கள் மந்திரிப்பது என்போம். வேன் விற்கிறவருக்கோ அது பேய் ஓட்டுகிற வார்த்தை. மனிதர் முகம் வெளுத்துவிட்டது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"அந்தப் புள்ள விஷயத்த ஒங்களுக்கு யாருக்கா சொன்னா?"

பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். "நீங்களே சொல்லுங்க" என்றேன்.

வேன் வாய்க்காலில் கவிழ்ந்ததாம். ஒரு பெண் குழந்தை இறந்துபோனதாம். "வண்டிக்கு அடியில இருக்குற சேசிஸ் சட்டம் வளைஞ்சுபோச்சு. தட்டி நிமித்தி பெயிண்ட் அடிச்சோம். வேகமா போனா இன்னும் ஒரு பக்கமா இழுக்குதுக்கா. நானும் புள்ளகுட்டிக்காரன்தான்" என்று தேம்பினார். ஆத்திரம் வந்தது. பாவமாகவும் இருந்தது. சேவியர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வேனை யாருக்கும் விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பணத்தோடு திரும்பினோம். விஷயத்தைக் கேட்ட அதே தாய்மார்கள் மகளிர் குழுவில் எங்களுக்காகக் கடனுக்கு ஏற்பாடு செய்தார்கள். நாங்களே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய், சின்னதாக வேறு வேன் எடுத்தோம். தினமும் சேவியர் சாவியைத் திருப்பும் முன், பெயர் தெரியாத அந்தக் குழந்தைக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்கிறோம். வேனில் இருக்கிற இந்துப் பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம்.

உங்கள் மனசிலும் சந்தேகம் அரித்தால் மறைக்காதீர்கள். மாதாவின் காலடியில் கொட்டிவிடுங்கள். அவர் கேட்பார். எங்கள் வேனில் காலையில் ஏறுகிற பிள்ளைகள் எல்லாரும் சாயந்திரம் வீடு வந்து சேர்கிறார்கள். என் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் அதுதான்.