லில்லியும் சிப்பாயும்

போன வாரம் என் பேத்தியின் முயலுக்கு ஆபரேஷன் ஆயிற்று. காயடித்தல் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வருகிறது, அதனால் வீட்டில் எல்லோரும் ஆபரேஷன் என்றே சொல்கிறோம். ஆறு மாதம் வரை மடியில் தூங்கிய முயல், திடீரென்று நாற்காலியெல்லாம் மூத்திரம் பீய்ச்சவும் குறுக்கே வந்த காலைக் கடிக்கவும் தொடங்கியிருந்தது. டாக்டர் நிதானமாக விளக்கினார். ஆண் முயல் வயதுக்கு வந்தால் அப்படித்தான். விதையை எடுத்துவிட்டால் ஒரு மாதத்தில் மெல்ல அடங்கும். பெண்ணும் சளைத்ததில்லை, தன் கூண்டுக்குள் கை வந்தால் பாயும். ஜாதிக்கு ஜாதி கொஞ்சம் வித்தியாசம் உண்டு, ஆனாலும் வளர்த்த விதம்தான் பெரிது என்றார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது முயலைத் தூக்கிய உதவியாளரிடம் அவர், "நெஞ்ச அமுக்காதப்பா, மூச்சு நின்னுரும்" என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். பேத்தி தும்மினாலே தெர்மாமீட்டர் தேடுகிற ஆள் நான் என்பதால், வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முயல் அன்று சாயங்காலமே புல் தின்றது. எனக்குத்தான் இன்னும் சோறு சரியாக இறங்கவில்லை.

முயல் கூண்டின் நெடி எனக்கு எப்போதும் கடலைக்காய் மூட்டையின் வாசனையோடு சேர்ந்தே வரும். ஐம்பதுகளின் கடைசியில் அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடலைக்காய் மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் முயல்களுக்குக் கூண்டில் கடலைத் தோல்தான் மெத்தை. அப்பா சட்டையைக் கழற்றி உதறினால் அதிலும் தோல் உதிரும். அம்மா, "நீங்களும் கூண்டுலயே படுத்துக்கங்க" என்பாள்.

முயல்கள் எங்கள் சர்ச்சின் பங்குச்சாமியார் கொடுத்தவை. அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோது, ஏற்காட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து தந்த இரண்டையும் எங்களிடம் விட்டுப் போனார். வெள்ளை ஜாதி சாது, சாம்பல் ஜாதி முரடு என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் அதையும் மறையுரையைப் போலவே ஏற்றுக்கொண்டோம். சாதுவான வெள்ளைக்கு லில்லி என்று பெயர். கூண்டுக்குள் கை நுழைந்தாலே முன்னங்காலால் அறைந்து உறுமும் சாம்பலுக்குச் சிப்பாய். லில்லி பெண், சிப்பாய் ஆண். திருப்பிப் பார்த்தவர் யாருமில்லை. குணம்தான் தெரிகிறதே.

லில்லி என் தங்கை ரோஸியின் உயிர். அவளுக்கு அப்போது எட்டு வயது, எனக்குப் பத்து. அவள் கொல்லைக்கு வந்தால் லில்லி மெல்ல முனகிக்கொண்டே அவள் காலைச் சுற்றிச் சுற்றி ஓடும். சில நாள் பாவாடையை நனைத்தும் விடும். பாசம் என்று நினைத்தோம். அம்மா மட்டும், "இந்தப் பாசத்தத் தொவைக்கிறது யாரு?" என்று கேட்பாள்.

ஒருநாள் சிப்பாய் ரோஸியின் விரலைக் கிழித்துவிட்டது. அம்மா நகத்திற்கு மேல் துணியைச் சுற்றிக்கொண்டே, "கிறிஸ்துமஸுக்குச் சட்டியில போட்டா அடங்கிரும்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எங்கள் தெருவில் முயல் கறி தின்னாதவர்கள் குறைவு. ரோஸி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். கடித்த முயலுக்காகத்தான்.

அப்பா மண்டியில் கந்தசாமியிடம் சொல்லியிருக்கிறார். மல்லசமுத்திரத்திலிருந்து கடலைக்காய் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவர் அவர். ஊரில் உழவுக்குப் பழக்கும் முன் காளைகளுக்குக் காயடிப்பதும், வெள்ளாட்டுக் கிடாய்க்கு அறுத்து எடுப்பதும் அவர்தான். அடித்தது சாது, அடிக்காதது முரடு: அந்தப் பக்கத்தில் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. "மொசலுக்கு மட்டும் வேற சட்டமாங்க? ஞாயித்துக்கெழம வாரேனுங்க" என்றாராம்.

சட்டிக்குப் போகாமல் சிப்பாய் பிழைத்தது என்று ரோஸி ஞாயிறு மதியம் சந்தோஷமாகச் சர்ச்சில் நடக்கும் ஞானோபதேச வகுப்புக்குப் போனாள். கந்தசாமி வந்தார். அடுப்புச் சாம்பல், விளக்கெண்ணெய், சவரக் கத்தி எல்லாம் தயாராக இருந்தன. சிப்பாயைச் சாக்குப் போட்டுப் பிடித்து மல்லாத்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏனுங்க, இது பொட்டையாட்டம் இருக்குதுங்க."

அப்பா குனிந்து பார்த்தார், ஏதோ தனக்கும் தெரியும் என்பதுபோல. "அப்ப அது?"

லில்லியைத் திருப்பினார்கள். கந்தசாமி சிரித்துவிட்டார். "இதுதானுங்க கெடா. நல்லா பேரு வெச்சீங்க போங்க."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இருபது மைல் வந்தவர், கத்தியும் தீட்டியாகிவிட்டது. கிடாயின் தொல்லையால்தான் பெட்டை சீறுகிறது, கிடாய் அடங்கினால் அதுவும் அடங்கும் என்றார். அப்பாவுக்கு நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது. லில்லி பழகிய முயல், அதனால் பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

"இறுக்கிப் புடிச்சுக்கோ சாமி. கை தளந்துரக் கூடாது."

இரண்டு கையையும் அதன் நெஞ்சின் மேல் வைத்து, முழு பலத்தையும் கொடுத்தேன். லில்லி கத்தவேயில்லை. இரண்டு முறை உதைத்தது. வேலை முடிந்து சாம்பலைப் பூசிவிட்டு, "போதும், உடு சாமி" என்றபோது, துவைத்த துணியைப் போலக் கிடந்தது. "பயந்தே செத்துப்போச்சுங்க" என்றார் கந்தசாமி. அம்மா கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை.

பயத்தில் செத்தது என்றுதான் நானும் போன வாரம் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

ரோஸி வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தோம். "யாரு புடிச்சது?" என்று மட்டும் கேட்டாள். நான்தான் என்றேன்.

பத்து நாள் கழித்துச் சிப்பாய் தன் நெஞ்சு ரோமத்தைப் பிடுங்கிக் கடலைத் தோலில் பரப்பி ஐந்து குட்டி போட்டது. இரண்டு வெள்ளை. குட்டிகள் பிரிந்த பிறகு கையை நீட்டினால் மோந்து பார்த்தது, கடிக்கவில்லை. அது ஜாதியுமல்ல, முரட்டுத்தனமுமல்ல, சினைதான் என்று அப்போதுதான் தெரிந்தது. வெள்ளைக் குட்டிகளை ரோஸி தொடவில்லை. எல்லாவற்றையும் மண்டிக்காரர்கள் எடுத்துப் போனார்கள்.

அந்த மண்டி இருந்த இடத்தில் ஜவுளிக் கிடங்கு இருக்கிறது. மாட்டு வண்டிகள் போய், காயடித்த காளைகளும் போயின. எங்கள் கொல்லையில் மூன்று மாடி எழும்பிவிட்டது. இதெல்லாம் எல்லாருக்கும் போனதுதான், எனக்கு மட்டும் போனதல்ல.

எனக்கு மட்டும் போனது ஒன்று உண்டு. அதுவரை ரோஸி, செருப்பு வார் அவிழ்ந்தாலும் தலை கலைந்தாலும், கையில் இருப்பதை என் பக்கம் நீட்டி, "கொஞ்சம் புடிண்ணா" என்பாள். அவள் என்னோடு சண்டை போட்டதில்லை; இன்றைக்கும் பிரியமாகத்தான் இருக்கிறாள், பண்டிகைக்குப் பலகாரம் அனுப்புகிறாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் கைக்குழந்தையிலேயே நான் தூக்கிக் கொஞ்சியிருக்கிறேன். இரண்டு முறையும் அவள் குழந்தையை என் கையில் தராமல் பாயில் கிடத்தினாள். நான் பாயிலிருந்து எடுத்துக்கொண்டேன்.