வெளியே இருந்த கழிவறை

எங்களுக்கான விசா வருடக்கணக்காக இழுபட்டுத் திடீரென்று கிடைத்தது. நானும் நான்கு வயது மகளும் கணவர் வேலை செய்த ஹோர்சன்ஸ் நகரில் வந்திறங்கியபோது அவருக்கு இருந்தது ஓர் ஒற்றை அறைதான். வீடு கிடைக்கும்வரை கொம்யூன் எனப்படும் நகரசபை எங்கள் மூவரையும் வைலே நகருக்கு அப்பால், கோடையில் சுற்றுலாக்காரர் தங்கும் மரக்குடிசை ஒன்றில் விட்டது. அப்போது மார்கழி. கழிவறை முற்றத்துக்கு அப்பால் இருந்தது. அதைச் சொல்லி நான் முறுமுறுக்காத நாளில்லை.

குளிருக்கு ஜன்னல் இடுக்கெல்லாம் பழந்துணி அடைத்திருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை மகளுக்குத் தலை முழுக வார்த்தேன். யாரோ விட்டுப்போன இறைச்சி சுடும் கரியைத் தணலாக்கி, சட்டியில் போட்டுச் சாம்பிராணிப் புகை காட்டினேன். அறை இதமாக இருந்ததால் தணலை அப்படியே விட்டுவிட்டேன். இரவு வேலை முடித்துவந்த கணவர் உறங்கிக்கொண்டிருந்தார். எனக்குத் தலை பாரமாக இருக்க, நானும் படுத்துவிட்டேன்.

“அம்மா, கக்கூசுக்குப் போகவேணும்” என்று மகள் கையை இழுத்தாள்.

“கொஞ்சம் பொறு பிள்ளை.”

அவள் விடவில்லை. எரிச்சலோடு எழுந்து கதவைத் திறந்தேன். வாசலிலேயே கால் மடிந்து விழுந்தேன். குளிர்காற்று முகத்தில் அடித்தபோதுதான் புத்தி தெளிந்தது. மகளை வாசலில் விட்டுவிட்டுத் தவழ்ந்து உள்ளே போய், “இஞ்சேருங்கோ, எழும்புங்கோ” என்று கணவரை உலுப்பினேன். அசையவில்லை. காலைப் பிடித்து வாசல்வரை இழுத்தேன். அங்கே வாந்தியெடுத்துவிட்டுக் கண் திறந்தார். மூடிய அறையில் கரித்தணல் ஆளைக் கொல்லும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம்.

இப்போது ஹேர்னிங்கில் இருக்கிறோம். பனி கொட்டினாலும் எங்கள் சாம்பிராணிச் சட்டி பால்கனியில்தான். கழிவறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் குடிசையிலும் அப்படி இருந்திருந்தால், அன்று கதவு திறந்திருக்காது.