பலகையின் கடைசி வரி

ஆபரேஷன் அறை வாசலில் ஒரு கரும்பலகை. அன்றைக்கு யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்று அதில் எழுதுவது அங்கிருந்த ஒரு பழைய ஊழியரின் வேலை. டாக்டர்கள் சொல்ல இவர் எழுத வேண்டும் என்பது முறை. இருபது வருடத்தில் அது தலைகீழாகிவிட்டது. ஆஸ்பத்திரியே அவரைப் பலகைக்காரர் என்றது. அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

தொடை எலும்பு முறிந்தவர்களைக் கடைசி வரியில்தான் போடுவார். நேரம் போதாவிட்டால் அழிபடுவதும் அந்த வரிதான். காலில் எடை கட்டி, காலையிலிருந்து பட்டினி கிடக்கும் கிழவியிடம் போய், "எலும்பு எங்கயும் ஓடிப்போயிடாதும்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். நாலைந்து நாளில் சிலர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். வயசாகிவிட்டது, போய்விட்டார்கள் என்று சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார் அந்த மகாராசன்.

ஒரு திங்கட்கிழமை, குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை முறிந்து அவர் மனைவியே வந்து சேர்ந்தாள். சின்ன டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, மறுநாளே முதல் ஆளாகச் செய்துவிடலாம், தாமதம் ஆபத்து என்றாள். பலகைக்காரருக்கு மனம் ஒப்பவில்லை. நேற்று வந்த பெண் கையிலா மனைவியை ஒப்படைப்பது? பெரிய டாக்டர் வெளியூரிலிருந்து வெள்ளிக்கிழமைதான் வருவார். அதுவரை காத்திருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"வலி தாங்க முடியலங்க. அந்தப் பொண்ணே பண்ணட்டுமே" என்று மனைவி கெஞ்சினாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. எலும்பு எங்கயும் ஓடிப்போயிடாது" என்றார்.

வியாழக்கிழமை அவளுக்கு மூச்சு இரைத்தது. வெள்ளிக்கிழமை காலையில் முதல் வரியில் அவள் பெயரை முத்து முத்தாக எழுதினார். பெரிய டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நுரையீரல் கெட்டுவிட்டது, இனி மயக்க மருந்தே கொடுக்க முடியாது என்றார்.

"செவ்வாய்க்கிழமையே முடிச்சிருக்கணும். யாருய்யா தள்ளிப்போட்டது?"

சின்ன டாக்டரம்மா பலகைக்காரரைப் பார்த்தாள். அவர் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். பத்து மணிக்கு மனைவியின் உயிர் போய்விட்டது.

பெயரை அழிப்பதும் அவர் வேலைதான். ஈரத்துணியால் முதல் வரியைத் துடைத்தார். அந்த நேரம் மிச்சமானதால் அன்று கடைசி வரியை அழிக்க வேண்டியிருக்கவில்லை. அதில் இருந்தது மூன்று நாளாகத் தள்ளிப்போன ஒரு கிழவியின் பெயர். விஷயம் தெரியாத அவள் மகன் ஓடிவந்து, ஈரத்துணியோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப நன்றிண்ணே. உங்க புண்ணியத்துல எங்கம்மாவுக்கு இன்னைக்கே நடக்குது."