இடது பக்கத்து மீன்தொட்டி

என் கணவர் பக்கவாதத்தில் விழுந்து எழுந்த பிறகு, அவருக்கு இடது பக்கம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். மூளைதான் அந்தப் பக்கத்தை மறந்துவிட்டது. இலையில் சோறு போட்டால் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு "அவ்ளோதானா?" என்பார். மீதிச் சோறும் பொரியலும் இடது பாதியில் தொடாமல் கிடக்கும். இலையைத் திருப்பி வைத்தால் அதிலும் பாதி. துண்டைக் கொடுத்தால் வலது கன்னத்தைத் துடைப்பதோடு சரி. நான் இடப்பக்கம் உட்கார்ந்து பேசினால், வலப்பக்கச் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வார். அதுவும் குழறலாக ஒரு சொல், இரண்டு சொல்.

கை வராதது, கால் இழுப்பது, பேச்சுக் குழறுவது எல்லாம் எனக்குப் பழகிவிட்டது. சுவருக்குப் பதில் சொல்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். "எல்லாத்தையும் இடது பக்கமே வைங்கம்மா. மாத்திரை, தண்ணி, போன், நீங்க, எல்லாமே. யாரும் வலது பக்கம் நின்னு பேசாதீங்க. முதல் சில மாசம் ரொம்ப முக்கியம். அதுக்குள்ள அவர் திரும்பிப் பாக்க ஆரம்பிச்சுடணும்."

"இல்லேன்னா?"

"முயற்சி பண்ணுவோம்மா" என்று பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கட்டிலை வலப்பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். இடப்பக்கம் முழுதும் நான் இருந்தேன். டிவியையும் அங்கேதான் வைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே செய்தி கேட்டார். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் அவர் குறுவை நெல் போடுகிறவர். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று விடலாமா என்று ஊரிலிருந்து போன் வந்தபோது போனை இடது காதருகே பிடித்தேன். "ம்" என்றார், சுவரிடம்.

அப்புறம்தான் ஒரு நாள், பரிசோதனைக்குப் போன மருத்துவமனையில், மருந்து வாங்கும் இடத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது. சக்கர நாற்காலியை அதன் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். ஆரஞ்சு நிற மீன் ஒன்று வலமிருந்து இடமாக நீந்திப் போனது. அவர் தலையும் அதன் பின்னாலேயே கொஞ்சம் போனது. கொஞ்சம்தான். அதன்பின் மீனை விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. ஆனால் போனதை நான் பார்த்தேன்.

அன்றைக்கே மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு மீன் கடைக்குப் போய் நின்றேன். கடைக்காரர் தொட்டியையும் ஃபில்டரையும் எடுத்து வைத்துவிட்டு, "தண்ணி ஊத்தி இத சும்மா ஓட விடுங்க. ரெண்டு மூணு வாரம் போகட்டும். அப்புறம் வந்து மீன் வாங்கிக்குங்க" என்றார்.

"எனக்கு இன்னைக்கே மீன் வேணுங்க."

"புதுத் தண்ணில மீன் தாங்காதும்மா."

"தாங்குற மீனாக் குடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தங்க மீன்களை அள்ளி, தண்ணீரும் காற்றும் அடைத்த கவரில் கட்டிக் கொடுத்தார். சண்டைக்காரியிடம் வாதாடுவானேன் என்று நினைத்திருப்பார். எனக்கு அவர் சொன்ன இரண்டு மூன்று வாரம் பெரிதாகத் தெரிந்தது. இங்கே மாதக் கணக்கில் ஒரு மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தொட்டியைக் கட்டிலுக்கு இடப்பக்கம், அவர் தலையைத் திருப்பினால்தான் முழுதாகத் தெரிகிற இடத்தில் வைத்தேன். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. பிறகு ஏதோ ஒரு மீன் தொட்டியின் இந்தக் கோடிக்கு வந்தபோது அவர் பார்வை அதைத் தொட்டது. மீன் நகர்ந்தது, பார்வையும் நகர்ந்தது. நெற்றிக்கு நேராக வந்து, அதையும் தாண்டி இடப்பக்கம் ஒரு விரற்கடை போய், அங்கே நின்றது. நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னங்க, மீன் தெரியுதா?" என்றேன். "ம்" என்றார். சுவரிடம் இல்லை. ஆனால் என்னிடமும் இல்லை, மீனிடம். பரவாயில்லை, மீனுக்குச் சொன்னதாகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் நிலைக்கவில்லை. தண்ணீர் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. துடுப்பெல்லாம் ஒடுங்கி, செவுள் சிவந்து போயிருந்தது. மறுநாள் காலை ஒன்று மிதந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கழுவுவதுதான். இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு எது கெட்டாலும் கழுவத்தான் தெரியும். மீன்களை வாளியில் விட்டு, தொட்டியைக் கவிழ்த்துக் கூழாங்கல்லைத் தேய்த்து, ஃபில்டரிலிருந்த பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கினேன். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற மாதிரி அவ்வளவு சுத்தம். இரண்டாம் நாள் இன்னொரு மீன் செத்தது.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "பஞ்சக் கழுவினீங்களா? அதுலதாம்மா நல்ல கிருமி வளரும். மீன் கழிவுல வர்ற விஷத்த அதுதான் சாப்பிடும். நீங்க வளர வளரக் கழுவி ஊத்திட்டீங்களே. இனிமே கால்வாசித் தண்ணி மட்டும் மாத்துங்க. பஞ்ச அலசணும்னா தொட்டில எடுத்த அழுக்குத் தண்ணிலயே லேசா அலசுங்க. தீனி ஒரு சிட்டிகை போதும்."

சொன்னபடியே செய்தேன். நகராட்சித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை போக வேண்டும் என்று முதல் நாளே பிடித்து வைத்தேன். குளியலறையில் வாளி வாளியாகத் தண்ணீர் நின்றது, குளிப்பதற்கு இடமில்லை. தீனியை நகத்தில் எடுத்துப் போட்டேன். செத்த மீனுக்குப் பதில் அதே நிறத்தில் ஒன்று வாங்கி, அவர் கண் விழிக்கும் முன் விட்டேன். தலையால் தண்ணீர் குடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. ஒவ்வொன்றாகப் போயின.

மீன் குறையக் குறைய அவர் திரும்புவதும் குறையுமோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. தொட்டியில் அசைவு இருந்தால் பார்த்தார். மீன் மூலையில் ஒடுங்கிக் கிடந்தால் தலை சுவருக்குப் போய்விட்டது. நான் அதே இடப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்ப்பதற்கு அந்தத் தலை ஒரு நாளும் திரும்பவில்லை. மீனுக்குத் திரும்பியது, எனக்குத் திரும்பவில்லை. இதில் ரோஷப்பட என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ரோஷமாகத்தான் இருந்தது.

உடம்பு விசாரிக்க வருகிறவர்கள் வேறு. ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டுத் தொட்டியை எட்டிப் பார்ப்பார்கள். "மீன் செத்தா நல்லதுதாங்க. வீட்டுக்கு வந்த கண்டத்த அது வாங்கிக்கிட்டுப் போயிடும்" என்பார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். எதிர்வீட்டு அம்மாள் மூன்றாம் தடவை சொன்னபோது, "அப்படிப் பாத்தா எங்க வீட்டுக்கு எத்தன கண்டம் வந்துருக்கணும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் காபி குடிக்காமல் போய்விட்டார்.

இந்தச் சமயத்தில் எனக்குத் துணையாக இருந்தது என் நாத்தனார்தான், என் கணவரின் அக்கா. குத்தாலத்தில் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, தம்பி விழுந்த சேதி கேட்டு வந்தவர், திரும்பிப் போகவேயில்லை. காலையில் நான் சமையலறையில் இருக்கும்போது குளித்து, ஈரத்தலையோடு விபூதி இட்டுக்கொண்டு தம்பி பக்கத்தில் நின்று எதையோ முணுமுணுப்பார். தம்பியைப் புரட்டிப் படுக்க வைப்பார், துடைத்துவிடுவார், முகம் சுளிக்க மாட்டார். அப்படிப்பட்டவரைத்தான் ஒரு நாள் நான் நிறுத்தி வைத்துக் கேட்டேன்.

"அண்ணி, நீங்க மீனுக்குப் பொரி கிரி போடுறீங்களா?"

"நானா? நான் அந்தத் தீனி டப்பாவ கையால தொட்டது இல்லையே."

"வேற யாரு போடுறா அப்ப? கடைக்காரர் தீனி அதிகமாத்தான் தண்ணி வெளுக்குதுன்றார். இந்த வீட்ல இருக்கறது நாம மூணு பேரு. அவரு எந்திரிச்சு வந்து போடலையே."

அவர் கண் கலங்கிவிட்டது. "எந்தம்பி பாக்கற மீன நான் சாகடிப்பேனாம்மா?" என்றார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அன்று முழுதும் வீட்டில் ஃபில்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரே ஒரு மீன் மிஞ்சியது. கடைக்காரர், "இனிமே மீன் குடுக்க மாட்டேம்மா. தொட்டி பழகட்டும். இந்த ஒண்ணையாவது காப்பாத்துங்க" என்று சொல்லிவிட்டார். பிசியோதெரபிஸ்டும் முன்பு போல் உற்சாகமாகப் பேசுவதில்லை. நான் சமைப்பதை விட்டேன், தலை வாருவதை விட்டேன், போனை எடுப்பதை விட்டேன். தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அந்த ஒன்றைக் கெஞ்சினேன். கடவுளிடம்கூட அப்படிக் கெஞ்சியதில்லை. நீ செத்தால் அவர் சுவருக்கே போய்விடுவார், தயவுசெய்து நீந்து என்று வாய்விட்டே சொன்னேன். அது மேல்மட்டத்தில் சாய்ந்தபடி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை காபிக்குப் பால் பொங்கிக்கொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து அவர் குரல் கேட்டது. குழறலாக, ஆனால் சத்தமாக.

"அக்கா, போடாத."

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். நாத்தனார் தொட்டிக்கு மேல் கையை நீட்டியபடி அப்படியே நின்றிருந்தார். விரல்கள் மூடியிருந்தன.

"மீன் சாவுது. போடாத" என்றார் இவர்.

"கைய விரிங்க அண்ணி" என்றேன்.

விரித்தார். உள்ளங்கையில் நெல்லிக்காய் அளவு வெல்லக்கட்டி, வியர்வையில் கசிந்து ஒட்டியிருந்தது.

"எங்கூர்ப் பக்கம் கோயில் குளத்துல வெல்லம் கரைப்போம்மா. வெல்லம் கரையற மாதிரி நோய் கரைஞ்சுடும்னு வேண்டிக்கிட்டு. தம்பியக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போக முடியலையே. இதுவும் மீன் இருக்கற தண்ணிதானேன்னு... தெனம் கொஞ்சமாத்தான் போட்டேன். வேண்டுதல வெளில சொல்லக் கூடாதுன்னு சொல்லல. தீனின்னு நீ கேட்டப்ப இது எனக்குத் தோணவே இல்லம்மா."

என்னுடைய வாளிகள், என்னுடைய சிட்டிகைத் தீனி, நான் எண்ணிப் புதைத்த அத்தனை மீன்கள், எல்லாம் ஒன்றாக மேலே ஏறி வந்தன. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். இந்தத் தெருவே கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன். அதற்குள் கட்டிலிலிருந்து அவர் மறுபடி பேசினார்.

"நேத்தும் போட்ட. நான் பாத்தேன்."

பார்த்தேன் என்றார். நாத்தனார் நின்றிருந்தது தொட்டிக்கு அந்தப் பக்கம். என் கணவரின் இடதுக்கும் இடது. மீன்கூட அவ்வளவு தூரம் அவரை இழுத்துக்கொண்டு போனதில்லை. நான் திறந்த வாயை மூடினேன்.

நாத்தனாருக்கு இது புரியவில்லை. தம்பி திட்டிவிட்டான் என்றுதான் அழுதார். நான் அவர் கையைக் கழுவிவிட்டேன். பிறகு தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றி, பிடித்து வைத்த நல்ல தண்ணீரை மெதுவாக விட்டேன். அந்த மீன் கொஞ்ச நேரம் நிமிர்ந்து நீந்தியது. மத்தியானத்துக்குள் செத்துப் போனது.

நான் அதை மறைக்கவில்லை. மறைக்கத் தெம்பும் இல்லை, மாற்றி விட வேறு மீனும் இல்லை. வழக்கமான இடத்தில், அவருக்கு இடப்பக்கம், ஸ்டூலில் உட்கார்ந்தேன். தண்ணீர் தெளிந்திருந்தது. அதில் அசைய எதுவும் இல்லை. இனி அவர் சுவருக்குத் திரும்பிவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதைப் பார்க்க வேண்டாம் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"செத்துருச்சா?" என்றார்.

"ஆமாங்க."

வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கினேன். அவர் தொட்டியைப் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. கழுத்தை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்த நாளிலிருந்து இந்த ஸ்டூலில்தான் இருக்கிறேன், இப்போதுதான் ஊரிலிருந்து வந்தவளைப் பார்ப்பது போல என் முகத்தையும் கழுத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, இப்படி எளச்சுப் போயிட்ட?" என்றார்.