சம்பத் வீட்டுத் தொட்டித் தண்ணீர்

சம்பத் போய்விட்டான். நேற்று காலை கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது நெஞ்சுவலி... செங்கல்பட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது நாற்பத்து மூன்று.

பேக்கிங் செக்‌ஷனில் பதினொரு வருஷம் எனக்குப் பக்கத்து டேபிள். இன்னும் நம்ப முடியவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் எல்லோரும் இறாலைக் குழம்பு வைப்பார்கள். இவன் மட்டும் ஹாலில் கண்ணாடித் தொட்டி வைத்து வளர்த்தான். நல்ல தண்ணீரில் வாழும் சிவப்பு செர்ரி இறால், ஒவ்வொன்றும் விரல் நக அளவு.

"அந்தத் தொட்டியயே கட்டிகினு அழுங்க" என்பாள் அவன் மனைவி மல்லிகா. ஒருநாளும் அவள் அதைத் தொட்டதில்லை.

எனக்கும் பத்து கொடுத்தான். நான் ஒரு தொட்டியைப் பளபளவென்று கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து உள்ளே விட்டேன். மறுநாள் பத்தும் காலி.

"புதுத் தண்ணி அதுக்கு வெசம் மச்சான். பழைய தண்ணிலதான் உசுரு கீது" என்றான். அவன் தொட்டியில் இருந்தது ஆறு வருஷத் தண்ணீர். வாரம் ஒரு சொம்பு எடுத்து ஒரு சொம்பு ஊற்றுவதோடு சரி.

ஷிப்ட் முடிந்து வந்ததும் கையை உள்ளே விட்டு அசையாமல் உட்காருவான். இறால்கள் ஏறி வந்து தோலைக் கொறிக்கும். "என்னத்தான் துன்றானுங்க மச்சான். டெய்லி கொஞ்சம் கொஞ்சமா" என்று ஒருமுறை சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று மதியம் சுடுகாட்டிலிருந்து திரும்பினோம். அதற்குள் வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். குடம், டிரம், பக்கெட் எல்லாம் வாசலில் கவிழ்ந்து கிடந்தன.

மிச்சம் அந்தத் தொட்டிதான். இரண்டு பேர் தூக்கக் கை வைத்திருந்தார்கள். "சாவு வூட்டுத் தண்ணி இன்னாத்துக்கு? இத்தயும் ஊத்திட்டு புதுசா புடிச்சி வுடுங்க" என்றார் சம்பத்தின் அக்கா.

ஊற்றினால் ஒன்றுகூடப் பிழைக்காது. ஆனால் சாவு வீட்டில் போய் இறாலுக்காக எப்படி வாய் திறப்பது... கோழை நான்.

அப்போதுதான் பார்த்தேன். எப்போதும் சிதறி மேய்பவை, அத்தனையும் முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி நின்றன. இருநூறாவது இருக்கும். எதுவும் மேயவில்லை, மீசைகூட ஆடவில்லை. ஹாலில் அவனைக் கிடத்தியிருந்த இடத்தைப் பார்த்தபடி...

ஐஸ் பெட்டிக்காக நேற்றே ஃபில்டர் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். தண்ணீரில் காற்று போதவில்லை, அதனால்தான் இருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடம்பு கேட்கவில்லை, சிலிர்த்துவிட்டது.

மூலையில் உட்கார்ந்திருந்த மல்லிகா எழுந்து வந்தாள். கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டாள்.

"ஊத்தாதீங்க அண்ணி. அவரு இதுலயும் கீறாரு."

இறால்கள் ஒவ்வொன்றாக அவள் கையில் ஏறின. தூக்க வந்தவர்கள் பின்னால் நகர்ந்துவிட்டார்கள். அக்காவும் தொட்டியை விட்டுத் தள்ளி நின்றார்.

நான் பிளக்கைச் சொருகிவிட்டுக் கிளம்பினேன். அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை.

போய் வா சம்பத். உன் வீட்டில் நேற்றைய தண்ணீர் அது ஒன்றுதான் இருக்கிறது.