வரேன் என்றால் போகிறேன்

சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் பரோட்டாவுக்குக் காத்திருந்தபோதுதான் அது தோன்றியது. கல்லுக்கு முன்னால் நின்றவர், தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "மூலை மேசை எந்திரிக்கப் போகுது, ஆளை அனுப்பு!" என்று கத்தினார். மூலை மேசையில் இருந்த சீனக் குடும்பம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குப் பரபரவென்று வந்தது. எங்கள் பெண்கள் ஏன் ஆடுகளத்தில் தமிழில் கத்தக் கூடாது? எதிரணிக்கு ஒன்றுமே விளங்காதே!

மார்சிலிங்கில் தமிழ்ப் பெண்கள் சிலர் சேர்ந்து ஆடும் கூடைப்பந்து அணிக்கு நான் பயிற்றுநர். கிளமெண்டியில் பல்கலைக்கழக வகுப்பு முடிந்ததும் தீவின் மறுகோடிக்கு ரயிலேறுவேன். வழியெல்லாம் கைப்பேசிக் காணொளிகளில் ஒரு அமெரிக்கர்தான் பேசிக்கொண்டு வருவார். கல்லூரி அணிகளின் பயிற்றுநர். சின்ன ஊர்க் கல்லூரி ஒன்றில் ஆட்டக்காரர்களின் சட்டை துவைக்கும் உதவியாளராகத் தொடங்கி, ஊர் ஊராக மாறி, கடைசியில் பெரிய அரங்குகளுக்கு வந்தவர். அதே ஏணியில்தான் நானும் ஏறப்போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். தடுக்கும்போது வாய் ஓயக் கூடாது என்பது அவருடைய பாடம். எங்கள் பெண்களோ தடுக்கும்போது ஊமையாகிவிடுவார்கள்.

அடுத்த பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தேன். தான் மறிக்க வேண்டிய எதிரணி ஆளை விட்டுவிட்டுப் பந்தை நோக்கி ஓடுகிறவள் "போறேன்!" என்று கத்த வேண்டும். அதைக் கேட்டதும் பின்னால் இருப்பவள் அந்த ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஐயோ, 'போறேன்'னு சொல்லக் கூடாதுக்கா," என்றாள் அணியிலேயே உயரமானவள். "எங்கம்மா காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான். 'வரேன்'னுதான் சொல்லணும்."

"ஆமாலா, வீட்டை விட்டுக் கிளம்புறப்ப 'வரேன்'னுதானே சொல்றோம்," என்றாள் அணித்தலைவி. அவளுடைய வாப்பாவுக்குச் சிராங்கூன் சாலையில் துணிக்கடை. அங்கே வேலை முடிந்து கிளம்புகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்களாம்.

எல்லோரும் சிரித்தோம். 'வரேன்' என்றே முடிவாயிற்று. எனக்கு அது அழகாகக்கூடப் பட்டது.

வட்டாரப் போட்டி ஒன்றின் அரையிறுதியில் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். ஆட்டம் முடியும் தறுவாய். எதிரணிப் பெண் ஒருத்தி பந்தோடு வலப்பக்கம் புகுந்தாள். கூடைக்கடியில் தன் ஆளோடு நின்றிருந்த எங்கள் உயரமானவள், "வரேன்!" என்று கத்திவிட்டுப் பந்தை நோக்கிப் பாய்ந்தாள். அணித்தலைவிக்கு அந்தப் பதற்றத்தில் பயிற்சியெல்லாம் மறந்துவிட்டது. தன் ஆளைப் பார்த்துக்கொள்ள உயரமானவள் வருகிறாள் என்று எண்ணி, இவளும் பந்தை நோக்கி ஓடினாள். இருவரும் ஒரே ஆளிடம் போய் முட்டிக்கொண்டார்கள். கூடைக்கடியில் தனியாக விடப்பட்டவளுக்குப் பந்து போயிற்று. அவளுக்குக் குதிக்கக்கூடத் தேவைப்படவில்லை; ஒரு புள்ளியில் தோற்றோம்.

வெளியே வந்ததும் அணித்தலைவி வெடித்தாள். "வரேன்னா வரணும்லா! இவ போயிட்டா!"

"போறதுக்குத்தானே வரேன்னு சொல்லச் சொன்னாங்க!" உயரமானவளின் குரல் உடைந்தது.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அக்கா, நீங்க வீடியோ பாத்து வந்து எங்க மேல பரிசோதனை பண்றீங்க," என்றாள் அணித்தலைவி. "சனிக்கிழமை நாங்க பேசி முடிவு பண்றோம், நீங்க வேணுமா வேணாமான்னு." கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. அதுதான் உறுத்தியது.

திரும்பும் ரயிலில் வழக்கம்போல அந்த அமெரிக்கரைத் திறந்தேன். இரண்டு கல்லூரிகள் அவரை இடையிலேயே வெளியேற்றியிருக்கின்றன. அந்தப் பகுதிகளை இதுவரை தள்ளிவிட்டுத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது அவற்றை மட்டும் பார்த்தேன். வெளியேற்றப்பட்ட மறுநாள் அவர் என்ன செய்தார் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை அவர்கள் முடிவெடுக்கும் முன் ஒரு பயிற்சி மட்டும் கேட்கப்போகிறேன். சம்மதித்தால், நான் வாயைத் திறக்கப்போவதில்லை. பந்தைக் கொடுத்து ஆடவிட்டு, அவர்கள் பதறும்போது வாயில் தானாக என்ன வருகிறதென்று கேட்கப்போகிறேன். அது மலாயாக இருக்கலாம், ஆங்கிலமாக இருக்கலாம், வெறும் "ஏய்!" ஆகக்கூட இருக்கலாம். அதையே எங்கள் சொல்லாக வைத்துப் பார்க்க வேண்டும்.