அண்ணன் சொன்ன ‘நான்’

என் அண்ணன் இரகுநாதனைப் பதுளைப் பட்டணத்தில் பலருக்குப் பிடிக்காது. தலைக்கனம் பிடித்தவன் என்பார்கள். யாழ்ப்பாணத்து எடுப்பு என்று என் காதுபடவே சொன்னவர்களும் உண்டு. கடைவீதியில் தெரிந்த முகம் எதிரே வந்தால் அவன் சிரிக்க மாட்டான். பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகையை ஏதோ புதிதாகப் பார்ப்பவன் போலப் படித்துக்கொண்டு போய்விடுவான். பதுளையில் அப்படி நடக்கலாமா? ஆஸ்பத்திரிக்கு அவசரமாக ஓடுகிறவனைக்கூட நிறுத்தி, எங்கே போகிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் இங்கே வழிவிடுவார்கள். அவனோடு சந்தைக்குப் போனால் அவனுக்கும் சேர்த்து நான்தான் பல்லைக் காட்ட வேண்டும். கன்னம் நோக வீடு வந்து சேருவேன்.

சின்ன வயதில் அவன் தெருநாயிடமும் நின்று கதைத்தவன். அவனை இப்படி ஆக்கியது ஆஸ்பத்திரிதான்.

எங்கள் அப்பா தபால் கந்தோர் வேலையாகப் பதுளைக்கு வந்தவர். அவர் காலமான பிறகும் நாங்கள் ஊர் திரும்பவில்லை. அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில் கிளார்க் வேலை, எனக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் வேலை, அம்மாவுக்கு எங்கள் இரண்டு பேரையும் ஏசும் வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் மனநோய் டொக்டர் ஒருவர் கண்டியிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து கிளினிக் நடத்தத் தொடங்கினார். அவருக்குச் சிங்களமும் இங்கிலீசும் தெரியும், தமிழ் தெரியாது. வருகிறவர்களில் பாதிப்பேர் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டச் சனம். அவர்களுக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அண்ணனைக் கூப்பிட்டார்கள்.

டொக்டர் சீமையில் படித்தவர். மனதைப் பார்க்கிற வைத்தியத்துக்கென்று அங்கே சட்டதிட்டங்கள் இருந்தனவாம். அவற்றை முதல் நாளே அண்ணனுக்குச் சொல்லிவிட்டார். அந்தக் கிளினிக்கைப் பற்றி அண்ணன் வீட்டில் வாய் திறந்து சொன்னது அந்தச் சட்டங்களை மட்டும்தான். அறைக்குள் கேட்டது வெளியே போகக்கூடாது. நோயாளி எதைக் கொண்டுவந்து தந்தாலும் வாங்கக்கூடாது, அவர்களோடு வேறு உறவு வைத்துக்கொள்ளக்கூடாது. வெளியில் கண்டால் நாமாக முதலில் கதைக்கக்கூடாது, அவர்கள் கதைத்தால்தான் கதைக்கலாம். ‘விசர் கிளினிக்’ போகிறவர் என்று அடுத்தவருக்குத் தெரிவதை அவர்கள் விரும்பாமல் இருக்கலாம் அல்லவா? சிலருக்குச் சிரித்துச் சிலருக்குச் சிரிக்காமல் விட்டால், சிரிக்காமல் விட்டது யாருக்கு என்று ஊர் கண்டுபிடித்துவிடும். அதனால் அண்ணன் எல்லோருக்கும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

இன்னொரு சட்டமும் இருந்தது. மொழிபெயர்க்கும்போது ‘அவள் சொல்கிறாள்’ என்று சொல்லக்கூடாது. நோயாளி ‘நான்’ என்றால் அண்ணனும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். டொக்டர் ‘நான்’ என்றாலும் அப்படியே. கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. அந்த அறைக்குள் அண்ணனுக்கென்று சொந்தமாக ஒரு ‘நான்’ கிடையாது.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. எங்கள் கோழி பக்கத்து வீட்டுச் சோமாவதியின் போஞ்சிப் பாத்தியைக் கிளறிவிட்டது என்று அவள் ஒருநாள் சண்டைக்கு வந்தாள். அம்மாவுக்குச் சிங்களம் விளங்காது. அண்ணன் நடுவில் நின்று, “உங்கட கோழி இனி என்ர பாத்திக்குள்ள வந்தா, கழுத்தைத் திருகிக் கறி வைச்சுப்போடுவன்” என்றான்.

அம்மா நெஞ்சில் கை வைத்தாள். “அடேய், பெத்த தாயிட்டையே இப்பிடிக் கதைக்கிறியோ?”

“நான் இல்லையம்மா, சோமாவதி சொல்லுறா.”

“நீதானே ‘என்ர பாத்தி’ எண்டாய்? எப்ப பாத்தி போட்டனி?”

நான் சிரித்துக்கொண்டே அதைச் சிங்களத்தில் சொல்ல, சோமாவதியும் சிரித்துவிட்டாள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டு மூன்று வருடம் போன பிறகு அவனிடம் ஒரு மாற்றம் கண்டேன். கிளினிக் நாளில் போடுகிற சேட்டைத் தானே அயன் பண்ணினான். மற்ற நாட்களில் பின்னேரம் ஸ்பிரிங்வெளி பஸ் நிற்கிற இடம்வரை நடந்துபோய் வந்தான். பஸ்ஸில் ஏறவும் மாட்டான், யாரையும் கூட்டிவரவும் மாட்டான். “ஆரண்ணை அது?” என்று கேட்டால், “கால் நீட்டப் போனன்” என்பான். கேட்டுக்கேட்டு எனக்கு வாய் அலுத்துவிட்டது. ஒருநாள் கிளினிக் முடிந்து வந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மல்லி அவித்துக் கொடுத்தாள். அவனுக்கு வந்தது மல்லித் தண்ணீருக்குப் போகிற காய்ச்சல் அல்ல என்று எனக்குத் தெரிந்தது. ஆளின் பெயர்தான் தெரியவில்லை.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு காலை, ஸ்டேசனுக்குப் போய்வருகிறேன் என்றான். நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

“நீ ஏன்?”

“எனக்கும் கால் நீட்டத்தான்.”

அந்த நாட்களில் பதுளை ஸ்டேசனுக்கு யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் பெயர் விழுந்த தோட்டச் சனம் மூட்டை முடிச்சோடு கோச்சி ஏறுகிற இடம் அது. தலைமன்னார் போய் அங்கிருந்து கப்பல். போகிறவர்களும் நிற்கிறவர்களும் கட்டிப் பிடித்து அழுகிற அழுகையைக் கேட்டால் சோறு இறங்காது. அன்றும் பிளாட்போம் முழுக்கத் தகரப் பெட்டியும் அண்டாவும் அழுகையுமாக இருந்தது. அண்ணன் கூட்டத்துக்குள் போகாமல் ஒரு தூணோடு ஒட்டி நின்றான். அவன் கண் போன வழியில் நானும் பார்த்தேன்.

பிளாட்போம் ஓரத்து மர வாங்கில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பொட்டில்லை. அவளும் அண்ணனைப் பார்த்தாள். இரண்டு பேரும் கதைக்கவில்லை. எனக்குப் பொறுமை என்பது பிறப்பிலேயே குறைவு. நேரே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நீங்க கிளார்க்கையா தங்கச்சிங்களா? சந்தையில பாத்திருக்கேன்” என்றாள்.

இனி நான் சொல்வதெல்லாம் அவள் வாயால் கேட்டது. அண்ணன் இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. சட்டம் அவனுக்குத்தான், அவளுக்கில்லை. அவளே அதைச் சொன்னாள்: “என் கதைய நான் யாருக்கும் சொல்லலாமுன்னு டொக்டரே சொல்லியிருக்காருங்க டீச்சரம்மா.”

பெயர் பாக்கியலெட்சுமி, ஸ்பிரிங்வெளியில் கொழுந்து எடுத்தவள். கலியாணமாகி அடுத்த வருடமே புருஷன் லொறி சரிந்து செத்துப்போனான். அன்றோடு அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. பேய் என்று பூசை போட்டுப் பார்த்துக் களைத்த தகப்பன் இராமையா, கடைசியில் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிவந்தார். பல தடவை வந்தும் அவள் வாய் திறக்கவில்லை.

“லயத்துல வீடெல்லாம் வரிசையா ஒட்டின ஒத்தைக் காம்பிராதாங்க, இந்தக் காம்பிராவுல இருமினா கடைசிக் காம்பிராவுல கேக்கும். எதைச் சொல்லி எங்க வைக்கிறது? அப்ப ஒருநா கடவீதியில ஐயா எதுக்க வந்தாங்க. என்னைப் பாத்தாங்க. பாத்துட்டு, தெரியாத ஆளு மாதிரி கடைப் பலகையைப் பாத்துக்கிட்டே போயிட்டாங்க. அப்பத்தாங்க எனக்கு நம்பிக்க வந்துச்சு. இவங்ககிட்டச் சொன்னா வெளிய போகாதுன்னு. அன்னிக்குச் சிரிச்சிருந்தாங்கன்னா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன்.”

நான் அத்தனை நாள் வெட்கப்பட்ட அந்தப் பலகை பார்ப்பில் ஒருத்திக்குப் பேச்சே திரும்பியிருக்கிறது. 

“நான் சொல்லச் சொல்ல ஐயா அதை இங்கிலீசுல சொல்லுவாங்க. எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா அந்த ‘ஐ’ன்னா ‘நான்’னு மட்டும் தெரியும். என் கஷ்டத்தையெல்லாம் ஒருத்தரு ஐ, ஐன்னு தன் கஷ்டமாச் சொல்லிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அதைக் கேக்கிறதுக்காகவே கிளினிக்கு எப்ப வரும்னு இருப்பேங்க. மத்த நாளெல்லாம் கொழுந்துக் கூடையோட மலையில நிப்பேன், நெனப்பு இங்க இருக்கும்.”

இராமையாவுக்கு இந்தியாவுக்குப் பெயர் விழுந்தது. அவளுக்கும் சேர்த்துத்தான். ஆனால் செத்துப்போன புருஷனின் வீட்டாருக்கு இங்கே பிரஜாவுரிமை இருந்தது. எங்களோடு இருந்துவிடு, அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்டுப் பார்ப்போம் என்று மாமியார் சொல்லியிருக்கிறாள். போவதா இருப்பதா என்று அவளுக்கு முடிவு எடுக்க முடியவில்லை. போன முறை கிளினிக்கில் அதைக் கேட்டிருக்கிறாள்.

“எப்பிடிக் கேட்டனீர்?” என்றேன்.

“ஐயா மொகத்தைப் பாத்துத்தான். ‘நீங்க என்ன சொல்றீங்க, நான் போகவா, இருக்கவா’ன்னு கேட்டேன். ஐயா டொக்டர்கிட்ட என்னமோ பேசினாங்க. அப்புறம் என்னைப் பாத்து, ‘நான் அதைச் சொல்லக்கூடாது, அது உங்கட வாழ்க்கை, நீங்கதான் முடிவெடுக்க வேணும்’னாங்க.” அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டினாள். “சரிதான், ஐயாவுக்கு நான் யாரு? அப்பாவோட போறேன்னு சொல்லிட்டேன்.”

எனக்கு உச்சந்தலை கொதித்தது. அந்த ‘நான்’ யாருடைய ‘நான்’ என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. சோமாவதியின் பாத்திக்குச் சொந்தக்காரனானவன் அல்லவா எங்கள் வீட்டில் இருக்கிறான்! எழும்பி நேரே தூணடிக்குப் போனேன்.

“அண்ணை, போறதோ இருக்கிறதோ எண்டு அந்தப் பிள்ளை கேட்டது உன்னை. டொக்டரை இல்லை.”

 அந்த நேரத்திலும் அவன் கேட்டதைப் பாருங்கள்: “அவவாத்தான் உனக்குச் சொன்னவவோ? நான் ஒண்டும் சொல்லேல்லை.”

“நீ ஒண்டும் சொல்லாததுதானே இவ்வளவுக்கும் காரணம்! போ, போய்க் கதை!”

அவன் போனான். போய் அவள் முன்னால் நின்றான். நின்றவன் வாயைத் திறக்கவில்லை. முதலில் அவள் கதைக்க வேண்டுமாம்! பின்னால் நின்ற எனக்கு அவன் முதுகில் ஒன்று போடலாம் போல இருந்தது. கோச்சி ஏற்கெனவே வந்து நின்றது, சனம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள்.

“போயிட்டு வர்றேங்க ஐயா.”

“அண்டைக்கு...” என்று தொடங்கினான் அண்ணன். “அண்டைக்குச் சொல்லக்கூடாது எண்டது... அது டொக்டர் சொன்னது. நான் இல்லை.”

அவள் மூட்டையை இடுப்புக்கு மாற்றினாள்.

“டொக்டரை யாருங்க கேட்டா?” என்றாள்.

இத்தனை அழுகைக்கு நடுவில் அவள் அழாமல் கேட்டாள். அண்ணன் ஒரு எட்டு முன்னால் வந்தான்.

“இப்ப கேளுங்கோ” என்றான்.

பெட்டியின் ஜன்னலில் இருந்து இராமையா, “பாக்கியம், ஏறும்மா” என்று கூப்பிட்டார். அவருக்கு அவளை விட்டால் வேறு பிள்ளை இல்லை. அவள் அந்தப் பக்கமும் பார்த்தாள், இந்தப் பக்கமும் பார்த்தாள்.

“வேணாங்க. கேட்டா நீங்க இருன்னுருவீங்க. காம்பிராவை வேற ஆளுக்குக் குடுத்தாச்சு, மாமியாகிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன். அப்பாவை அந்தக் கரையில தனியா எப்பிடிங்க விடுறது?” ஏறப் போனவள் படியில் நின்று திரும்பினாள். “அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பேங்க.”

அவள் கடைசிவரை கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல அண்ணனுக்குப் பழக்கமும் இல்லை. கோச்சி தெமோதரைப் பக்கம் திரும்பி மறைந்த பிறகும் அவன் அங்கேயே நின்றான். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் அந்த டொக்டரையும் அவருடைய சீமைச் சட்டங்களையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அண்ணன் ஒரே ஒரு தடவை மறுத்தான். “அந்தச் சட்டம் இல்லையெண்டா அவ கதைச்சே இருக்க மாட்டா, சரோ” என்றான். அது உண்மைதான். உண்மை என்பதால் எனக்கு ஆத்திரம் கூடத்தான் செய்தது. அன்றே அவன் தன் வாயால் இரு என்று சொல்லியிருந்தால் அது பிழையாகவும் போயிருக்கலாம். நொந்துபோய் வந்தவளிடம் அவன் தன் ஆசையைச் சொன்னதாக ஆகியிருக்கும். இதையெல்லாம் நானும் யோசிக்காமல் இல்லை. யோசித்தாலும் அவள் படியில் நின்று திரும்பிய முகம் போகமாட்டேன் என்கிறது.

இராமநாதபுரம் பக்கம் போனதாக ஒரு பேச்சு, நீலகிரியில் கொழுந்து எடுக்கிறாள் என்று இன்னொரு பேச்சு. எது சரியென்று தெரியாது. அண்ணன் கலியாணம் செய்யவில்லை. அம்மா காட்டாத பெண்ணில்லை, அவன் பிடிக்கவில்லை என்றும் சொல்ல மாட்டான், சரி என்றும் சொல்ல மாட்டான். ஸ்பிரிங்வெளி பஸ் நிற்கிற இடம்வரை பின்னேரத்தில் நடப்பதை மட்டும் விடவில்லை. அங்கிருந்து வர இனி யாருமில்லை என்று தெரிந்தும் நடந்தான். அதைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் எனக்கு முடியாது. ஏசவும் மனம் வராது.

கிளினிக்கையும் அவன் விடவில்லை. டொக்டர்கள் மாறினார்கள், அவன் பென்சன் எடுக்கும்வரை அந்தக் கதிரையில்தான் இருந்தான். சட்டத்தை மீறினான் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வாசலில் நோயாளிகளைக் கூப்பிட்டு விடுகிற பாறூக் ஒருநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தான், ஒங்கட அண்ணனுக்கு ஒரு புதுப் பழக்கம் டீச்சர் என்று. தோட்டத்துச் சனம் யாராவது அவன் முகத்தைப் பார்த்து ‘நீங்க என்ன சொல்றீங்க’ என்று கேட்டால், அவன் உடனே டொக்டர் பக்கம் திரும்புவதில்லையாம். முதலில் அவர்களிடமே, “என்னைக் கேக்கிறீங்களா, டொக்டரைக் கேக்கிறீங்களா?” என்று கேட்பானாம். கேட்டுவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பானாம்.

“டொக்டரைத்தாங்க ஐயா” என்பார்களாம் எல்லோரும்.